38.9-லிருந்து 22.7: மன்னார் வளைகுடாவில் ஒரு கோடை

2015-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளில் உயிருள்ள பவளம் 38.9 சதவீதம். 2016-ல், கோடை கழிந்த பிறகு எடுத்த கணக்கில் அது 22.7. ஒரே பருவத்தில் 16.2 புள்ளிகள் போயின. இருந்த உயிர்ப் பவளத்தில் நூற்றுக்கு நாற்பத்தொன்றுக்கு மேல் செத்துவிட்டது என்று பொருள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இதே கடலில் முழுகிப் பார்த்தவர்கள், பவளத்துக்குப் பெரிய சேதம் இல்லை என்று எழுதினார்கள். 2016-ல் அப்படி எந்த அலையும் வரவில்லை. கடல் சில வாரங்கள் வழக்கத்தைவிடச் சூடாகக் கிடந்தது.

இந்தச் சதவீதம் எப்படிக் கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டால் மேலே பேசுவது எளிது. முக்குளிப்பவர் கடலடியில் ஓர் அளவு நாடாவை நேராக விரிக்கிறார். நாடாவின் கீழே உயிருள்ள பவளம் எவ்வளவு நீளம், செத்த பவளம் எவ்வளவு, பாசி, மணல், சல்லி எவ்வளவு என்று குறித்துக்கொண்டே போகிறார். பல இடங்களில், பல ஆழங்களில், ஆண்டுதோறும் இதைத் திரும்பச் செய்தால்தான் ஒரு கடற்பகுதியின் உடல்நிலை தெரியும். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளிலிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது. பவளத்தைப் பற்றி உலகில் ஏராளமாகப் பேசுகிறார்கள். ஒரே இடத்தை விடாமல் எண்ணிவைத்த கணக்கு அந்த அளவுக்கு இல்லை. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டை விட்டுவிட்டு இந்தச் சிறிய கடலை நான் எடுத்துக்கொண்டதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

ஆழமில்லாத கடல்

ராமேசுவரம் பக்கம் தொடங்கித் தூத்துக்குடி வரை ஏறத்தாழ 140 கிலோமீட்டருக்கு, கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் 21 தீவுகள் வரிசையாக இருக்கின்றன. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என்று நான்கு தொகுதிகளாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். குருசடை, மனோலி, முயல் தீவு, அப்பா, நல்லதண்ணி, காரியச்சல்லி, வான் என்று ஒவ்வொன்றுக்கும் மீனவர்கள் வைத்த பெயர் உண்டு. 1986-ல் 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1989-ல் அதையும் உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. தீவுகளில் குடியிருப்பு கிடையாது. ஒவ்வொரு தீவையும் சுற்றிக் கரையோரப் பவளத்திட்டு இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட பவள வகைகள் இங்கே பதிவாகியுள்ளன.

இந்தத் திட்டுகளின் பெரும்பகுதி அரை மீட்டரிலிருந்து நான்கைந்து மீட்டர் ஆழத்துக்குள் இருக்கிறது. வற்று நேரத்தில் சில இடங்களில் பவளத்தின் தலை நீர்மட்டத்தைத் தொடும். வெயில் நேராக அடிக்கும். நீர் சீக்கிரம் சூடாகும். ஆழக் கடலில் வெப்பம் கீழே பரவி நீர்த்துப்போக இடம் உண்டு. இங்கே அந்த இடம் இல்லை.

இதைக் காற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வாடைக் காற்று ஓய்ந்து, தென்மேற்குப் பருவத்தின் கச்சான் காற்று பிடிப்பதற்கு முன், மார்ச் கடைசியிலிருந்து மே வரை, கடல் தெளிந்து அசைவில்லாமல் கிடக்கும். முக்குளிப்பவருக்கு அது நல்ல காலம்; பவளத்துக்கு ஆண்டிலேயே மோசமான காலம். அலை இருந்தால் மேல்நீரும் கீழ்நீரும் கலந்து சூடு இறங்கும். கலங்கல் இருந்தால் வெளிச்சமாவது குறையும். சித்திரையில் இரண்டுமே இருக்காது. ஜூனில் கச்சான் பலமாக வீசத் தொடங்கியதும் நீர் கலங்கி, கலந்து, ஆறத் தொடங்கும். ஒவ்வோர் ஆண்டும் மன்னார் வளைகுடாப் பவளத்தின் தலையெழுத்து இந்த இரண்டு காற்றுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில்தான் எழுதப்படுகிறது. கடலின் அடிப்படை வெப்பம் ஏற ஏற, முன்பு தாங்கக்கூடியதாக இருந்த அதே இடைவெளி தாங்க முடியாததாகிறது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951-க்கும் 2015-க்கும் இடையில் சராசரியாக ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கிறது என்று இந்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 மதிப்பீடு சொல்கிறது. ஒரு டிகிரி நமக்குப் பெரிதாகத் தெரியாது. பவளத்துக்கு எவ்வளவு பெரிது என்பதை அடுத்துப் பார்க்கலாம்.

வெளுப்பது என்றால்

பாறை மாதிரித் தெரிந்தாலும் பவளம் விலங்கு. ஊசிமுனையிலிருந்து விரல்நுனி அளவு வரையான பாலிப் என்ற சின்ன உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்து வீடு கட்டிக்கொள்கின்றன. அந்தப் பாலிப்பின் திசுவுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் சமைக்கிறது. சமைத்ததில் பெரும்பங்கைப் பவளத்துக்குத் தருகிறது. பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் 90 சதவீதம் வரைகூட இந்த வழியில் வரும். பதிலுக்குப் பாசிக்குத் தங்க இடமும், பவளத்தின் கழிவிலிருந்து உரச்சத்தும் கிடைக்கின்றன. பவளத்தின் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் இந்தப் பாசியின் நிறம்.

நீர் சூடாகி, வெயிலும் கடுமையாக இருந்தால் பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகிறது. உள்ளே வந்த ஒளியாற்றலை உணவாக மாற்ற முடியாமல், தீங்கு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை அது உற்பத்தி செய்ய ஆரம்பிக்கிறது. பவளம் தன் திசுவைக் காப்பாற்றிக்கொள்ளப் பாசியை வெளியே தள்ளுகிறது. பாசி போனதும் கண்ணாடி போன்ற திசுவின் வழியே வெள்ளைச் சுண்ணாம்புக்கூடு தெரிகிறது. இதுதான் வெளுப்பு. வெளுத்த பவளம் செத்த பவளம் ஆகிவிடாது. அது பட்டினி கிடக்கிறது. சில வாரங்களில் நீர் ஆறினால் பாசி திரும்பிவரும், நிறமும் வரும். ஆறாவிட்டால் திசு அழுகும், கூட்டின் மேல் நாரிழைப் பாசி படரும். அதற்குப் பிறகு பார்ப்பவருக்கு அந்த இடம் பச்சையாகத்தான் தெரியும். செய்தியில் வரும் பளிச்சென்ற வெள்ளைப் படங்கள் பிழைக்க இன்னும் வாய்ப்புள்ள பவளத்தின் படங்கள். செத்த பிறகு யாரும் படம் எடுப்பதில்லை, எடுக்க ஒன்றும் இருக்காது.

ஓர் இடத்தில் ஆண்டின் மிகச் சூடான மாதத்தின் நெடுங்கால சராசரியைவிட ஒரு டிகிரி கூடினாலே வெளுப்புக்கான எல்லை வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு கூடியது, எத்தனை வாரம் கூடியே இருந்தது என்ற இரண்டையும் பெருக்கிச் சேர்த்து ‘வெப்ப வாரங்கள்’ என்று கணக்கிடுவது அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா பரவலாக்கிய முறை. நான்கு வெப்ப வாரம் சேர்ந்தால் குறிப்பிடத்தக்க வெளுப்பு, எட்டு சேர்ந்தால் சாவு என்பது பொதுவான எதிர்பார்ப்பு. மன்னார் வளைகுடாவில் நீர் 30 டிகிரியைத் தாண்டியதும் ஆங்காங்கே பவளம் வெளுக்கத் தொடங்கும். ஏறக்குறைய ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம் வெளுத்து, கச்சான் வந்ததும் தேறிக்கொள்வது இங்கே வழக்கமாகிவிட்டது.

2016

2014-ல் தொடங்கி 2017 வரை நீடித்த மூன்றாவது உலகளாவிய வெளுப்பு, பதிவானவற்றில் அதுவரை மிக நீளமானது. நடுவில், பசிபிக் கடல் வழக்கத்துக்கு மேல் சூடேறும் எல் நினோ, 2015–16-ல் கடுமையாக வந்தது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 2016-ல் மட்டும் ஆழமில்லாப் பகுதிப் பவளத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் செத்தது. லட்சத்தீவிலும் அதே ஆண்டு அடி விழுந்தது. மன்னார் வளைகுடா இந்த வரிசையில் ஒன்று. நீர் 32 டிகிரிக்கு மேல் போயிற்று. வழக்கமாகச் சில வாரத்தில் முடியும் வெளுப்பு முடியவில்லை.

எல்லாப் பவளமும் ஒரேபோல் சாகவில்லை. மான்கொம்பு போலவும் மேசை போலவும் கிளைத்து வளரும் அக்ரோபோரா, தட்டுத்தட்டாக விரியும் மாண்டிபோரா, புதர் போன்ற போசில்லோபோரா ஆகியவை அதிகம் போயின. இவை வேகமாக வளர்பவை. மெல்லிய திசு உள்ளவை. உருண்டையாக, பாறாங்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும் போரைட்டிஸும், மூளைப் பவளத்தின் உறவுகளும் வெளுத்தன. ஆனால் பெரும்பாலும் மீண்டுவிட்டன. தடித்த திசு, சேமிப்பு அதிகம், வளர்ச்சி மெல்ல. போரைட்டிஸ் ஓர் ஆண்டில் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அது நல்ல வளர்ச்சி. கிளைக்கும் அக்ரோபோரா அதே ஓராண்டில் பத்து சென்டிமீட்டரையும் தாண்டும்.

இந்த வேறுபாட்டைச் சதவீதம் மறைத்துவிடுகிறது. 22.7 என்ற எண்ணுக்குள் இருப்பது 38.9-ன் சிறிய பிரதி என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது வேறு மாதிரியான திட்டு. கிளைப் பவளங்களுக்கிடையிலுள்ள சந்துகளில்தான் மீன்குஞ்சுகள் ஒளிகின்றன. சிங்கி றாலுக்கும் களவாக் குஞ்சுக்கும் அங்கே தங்குமிடம். உருண்டைப் பவளங்கள் மட்டும் மிஞ்சிய தரையில் ஒளிய இடம் குறைவு. செத்த கிளைகள் ஓரிரு ஆண்டுகள் நிற்கும். பிறகு துளையிடும் உயிர்களும் அலையும் சேர்ந்து அவற்றை முறித்துச் சல்லியாக்கிவிடும். ஆகவே, மீனுக்கு ஏற்படும் இழப்பு பவளம் செத்த அதே ஆண்டில் முழுதாகத் தெரிவதில்லை. கூரை விழுவதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கும். வெளுப்பு செய்தியிலிருந்து மறைந்து வெகுநாள் கழித்துதான் வலை போடுகிறவருக்குக் கணக்கு வருகிறது. அப்போது அவர் 2016-ஐக் காரணமாகச் சொல்லமாட்டார், மற்றவர்களும் சொல்லமாட்டார்கள்.

இனப்பெருக்கக் காலம் வேறு இதோடு மோதுகிறது. தூத்துக்குடிக் கடலில் அக்ரோபோரா முட்டையும் விந்தும் நீரில் விடுவது மார்ச் ஒட்டிய நாட்களில். குஞ்சுகள் மிதந்து திரிந்து, ஒட்ட இடம் தேடி, கல்லில் அமர்ந்து முதல் கூட்டைக் கட்டும் வாரங்கள் அப்படியே ஏப்ரலிலும் மேயிலும் போய் விழுகின்றன. மிகச் சின்ன வயதில் மிகப் பெரிய சூடு. தாய்ப் பவளம் பிழைத்துக்கொண்டாலும், ஒரு கோடை பட்டினி கிடந்தது அடுத்த மார்ச்சில் முட்டை உற்பத்தி செய்ய உடம்பில் சத்தில்லாமல் நிற்கும். ஆக, ஒரு கோடையின் நட்டம் அடுத்த ஆண்டுப் பிறப்பிலும் கழிக்கப்படுகிறது.

மீட்சியின் கணக்கு

என் வாதம் முழுக்க இந்தப் பகுதியில்தான் இருக்கிறது, அதனால் எண்களைப் பொறுமையாகப் பார்ப்போம்.

2005-ல் உயிர்ப் பவளம் 37 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2009-ல் 42.85. நான்கு ஆண்டில் ஏறத்தாழ ஆறு புள்ளி, அதாவது ஆண்டுக்கு ஒன்றரை. பவளம் வெட்டுவது நின்ற பிறகான ஆண்டுகள் இவை. 2010 கோடையில் கடும் வெளுப்பு, 33.2-க்கு இறங்கியது. அங்கிருந்து 2015-ல் 38.9: ஐந்து ஆண்டில் 5.7 புள்ளி, ஆண்டுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். 2016-ல் 22.7. பிறகு 2021-ல் சுமார் 27: ஐந்து ஆண்டில் நாலரையை ஒட்டி, ஆண்டுக்கு ஒன்றுக்கும் கீழே. மூன்று புள்ளிகளை வைத்துக் கோடு போடக்கூடாது என்று எந்தப் புள்ளியியல் ஆசிரியரும் சொல்வார். நான் கோடு போடவில்லை. ஆனால் மீட்சி வேகம் கூடியதாக இந்த வரிசையில் ஓர் அறிகுறியும் இல்லை. ஆண்டுக்கு ஒரு புள்ளி என்றே தாராளமாக வைத்துக்கொண்டாலும், 22.7-லிருந்து 2009-ன் நிலைக்குத் திரும்ப இருபது ஆண்டு வேண்டும். நடுவில் ஒரு கெட்ட கோடைகூட வராமல் இருபது ஆண்டு.

வந்த கெட்ட கோடைகளின் தேதிகளைப் பாருங்கள்: 1998, 2010, 2016. முதல் இடைவெளி பன்னிரண்டு ஆண்டு, இரண்டாவது ஆறு. 1998-ல் இங்கே ஆராய்ந்த ரோஹன் ஆர்தர், பவளப் பரப்பில் 89 சதவீதம் வெளுத்திருந்ததாகவும் 23 சதவீதம் செத்ததாகவும் பதிவு செய்தார்; அவரது இடங்களும் முறையும் வேறு என்பதால் அந்த எண்ணை மேலே உள்ள வரிசையோடு சேர்க்கக்கூடாது. நூறு பவளத்திட்டுகளின் வரலாற்றை எடுத்துப் பார்த்த டெர்ரி ஹியூஸ் குழு 2018-ல் சொன்னதும் இதே தாளத்தில் இருக்கிறது: எண்பதுகளின் தொடக்கத்தில் கடும் வெளுப்பு ஓர் இடத்துக்கு 25–30 ஆண்டுக்கு ஒருமுறை வந்தது, இப்போது ஏறத்தாழ ஆறு ஆண்டுக்கு ஒருமுறை.

லட்சத்தீவிலும் கதை இப்படியே. அங்கே 24 ஆண்டு தொடர்ந்து பார்த்ததில் பவளப் பரப்பு 37 சதவீதத்திலிருந்து 20-க்குக் கீழே இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு வெளுப்பிலும் சாகும் விகிதம் முன்னைவிடக் கூடவில்லை என்பதும், வெளுப்புகளுக்கு இடையில் தேறும் வேகம் போதவில்லை என்பதும் அங்கே தெரிந்த செய்தி. பவளம் சூட்டுக்குக் கொஞ்சம் பழகுகிறது என்று இதைப் படிக்க ஆசையாக இருக்கும். மென்மையானவை முதலிலேயே செத்துப்போனதால் அடுத்த முறை சாக ஆள் குறைவு என்றும் படிக்கலாம். என் சாய்வு இரண்டாவது பக்கம்.

ஆகவே, ‘எத்தனை டிகிரி கூடியது’ என்பதைவிட ‘எத்தனை ஆண்டு ஓய்வு கிடைத்தது’ என்ற கேள்விதான் மன்னார் வளைகுடாவுக்குப் பொருந்தும். தமிழில் வரும் கட்டுரைகளில் முதல் கேள்விக்கு நிறைய இடம் கிடைக்கிறது, இரண்டாவதற்கு மிகக் குறைவு.

பழைய காயங்கள்

ஓய்வு ஆண்டுகள் ஒரே மாதிரிப் பயன்படுவதில்லை. குஞ்சுப் பவளம் ஒட்ட உறுதியான தரை வேண்டும். தூத்துக்குடித் தொகுதியில் அந்தத் தரையையே நாம் எடுத்துவிட்டோம். சுண்ணாம்புக்காகவும் கால்சியம் கார்பைடு ஆலைகளுக்காகவும் பல பத்தாண்டுகள் இங்கே பவளம் வெட்டி ஏற்றினார்கள். மன்னார் வளைகுடாவின் சுமார் 110 சதுர கிலோமீட்டர் பவளப் பரப்பில் 32 சதுர கிலோமீட்டர் இப்படிச் சிதைந்தது என்பது பின்னால் வந்த மதிப்பீடு. 2001-ல் கல்பவளங்கள் எல்லாம் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. ஆனால் தூத்துக்குடிப் பக்கம் வெட்டு உண்மையில் நின்றது சுனாமிக்குப் பிறகு, 2005 வாக்கில்; தீவும் திட்டும் கரையைக் காக்கின்றன என்று கரையில் இருந்தவர்களுக்கே பட்ட பிறகு. வெட்டிய இடத்தில் கிடப்பது உருளும் சல்லி. கச்சான் அலையில் சல்லி புரண்டால் அதன்மேல் ஒட்டியிருக்கும் குஞ்சுப் பவளம் நசுங்கும். அங்கே இருபது ஆண்டு ஓய்வு கொடுத்தாலும் தானாக ஒன்றும் முளைக்காது.

தீவுகளே தேய்கின்றன. பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் ஏற்கெனவே நீருக்கடியில். காரியச்சல்லி 1969-ல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. இப்போது அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. வான் தீவும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தபோது, 2015-லிருந்து அதன் முன்னால் துளையிட்ட சரிவக வடிவ கான்கிரீட் அமைப்புகளை இறக்கினார்கள். மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேல். அலையின் வேகம் குறைந்து அரிப்பு தணிந்தது, மீன் அடைந்தது, கான்கிரீட்டில் பவளமும் ஒட்டத் தொடங்கியது. பொறியாளர்களின் வேலையைக் கிண்டல் செய்வது சுற்றுச்சூழல் எழுத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. இந்த ஒன்றில் அவர்களுக்கு மதிப்பெண் போடத்தான் வேண்டும்.

மண்டபம் பக்கம் வேறு தொல்லை. வளர்ப்புக்காக வெளிநாட்டிலிருந்து வந்த கப்பாபைகஸ் பாசி தப்பிப்போய்க் குருசடை, சிங்கில், முள்ளித் தீவுகளின் பவளத்தின் மேல் போர்த்திக்கொண்டது 2008-ஐ ஒட்டித் தெரியவந்தது. கையால் பிடுங்கி எடுக்கிறார்கள். துண்டு மிஞ்சினால் மறுபடி வளர்கிறது. உயிருள்ள பவளத்தின் மேலேயே படரக்கூடியது என்றால், வெளுத்துப் பலவீனமானதன்மேல் படர்வதற்குக் கேட்கவா வேண்டும். 2008 அக்டோபரிலும் 2019 செப்டம்பரிலும் நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாகி, ஆக்சிஜன் இறங்கி, மீனும் பவளமும் செத்தன. இரவில் அலை நீலமாக மின்னியதைக் கரையில் நின்று ரசித்தார்களே, அதே உயிர்தான்.

மீனவர் தரப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பூங்கா அறிவிப்புக்குப் பிறகு தீவில் இறங்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டின் சுமை பெரும்பாலும் விழுந்தது, துணியைச் சுற்றிய விரல்களோடு மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் ராமநாதபுரம் மாவட்டப் பெண்கள் மேல். பல ஊர்களில் அவர்களே கூடிப் பேசி, மாதத்தில் இன்ன நாட்கள் மட்டும் எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். கடலைச் சூடாக்கியதில் அவர்களுடைய பங்கு என்ன என்று கேட்டால் பதில் ஏறக்குறையப் பூஜ்யம். விசைப்படகின் இழுவலை, நகரக் கழிவு, ஆலைக் கழிவு இவற்றோடு ஒப்பிட்டாலும் அவர்களது கை சின்னது. ‘உள்ளூர் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்’ என்ற வாசகம் அறிக்கைகளில் வரும்போதெல்லாம், நடைமுறையில் யாரை முதலில் வெளியேற்றுகிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு.

தமிழகத்தின் கிழக்குக் கரையில் இழுவலைத் தடை ஏப்ரல் 15-ல் தொடங்குகிறது. முன்பு 45 நாள், 2017 முதல் 61 நாள். ஜூன் 14 வரை. மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்த தடை அது. ஆனால் பவளம் சூட்டில் தவிக்கும் அதே வாரங்களில் அடியைக் கிளறிச் சேறு எழுப்பும் வலைகள் கரையில் கிடப்பது, திட்டமிடாமல் கிடைத்த நன்மை என்பது என் எண்ணம். பதினாறு நாள் நீட்டியதில் கச்சான் தொடங்கும் வரை அந்தப் பாதுகாப்பு எட்டிவிட்டது.

எச்சரிக்கை வந்த பிறகு

ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம் 2011 முதல் பவள வெளுப்பு எச்சரிக்கை வெளியிடுகிறது. செயற்கைக்கோள் வெப்ப அளவைக் கொண்டு அந்தமான், நிக்கோபார், லட்சத்தீவு, கட்ச் வளைகுடா, மன்னார் வளைகுடா எல்லாவற்றுக்கும் நிலைமை சொல்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் படகைக் கரையேற்றுவோம், மக்களை நகர்த்துவோம். பவள எச்சரிக்கை வந்தால் செய்வதற்கு வகுத்த வேலை எதுவும் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் கேமராவோடு கிளம்புகிறார்கள். அந்த வாரங்களில் கழிவுநீர்த் திறப்பைக் கட்டுப்படுத்தலாம், பவளத் துண்டுகளை நாற்றாக நடுவதை நிறுத்தலாம், அவற்றை வளர்க்கும் நாற்றங்கால் சட்டங்களைக் கொஞ்சம் ஆழமான நீருக்கு இறக்கலாம், பாசியை மேய்ந்து பாறையைச் சுத்தமாக வைக்கும் கிளிமீனைப் பிடிப்பதைத் தள்ளிவைக்கலாம். எதற்கும் பெரிய செலவு இல்லை.

2024 ஏப்ரல் 15 அன்று நான்காவது உலகளாவிய வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக நோவா அறிவித்தது. லட்சத்தீவில் 2023 அக்டோபர் கடைசியிலிருந்தே கடல் வெப்ப அலை நீடித்து, அடுத்த கோடையில் பவளம் பெருமளவில் வெளுத்தது. 2018-ல் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு சொன்னது பலருக்கு நினைவிருக்கும்: உலக வெப்பம் 1.5 டிகிரி ஏறினால் வெப்பமண்டலப் பவளத்தில் 70 முதல் 90 சதவீதம் போகும், 2 டிகிரியில் 99-க்கு மேல். கரியமில வாயுவைக் குறைப்பதற்கு மாற்றாகத் தூத்துக்குடியில் செய்யக்கூடியது எதுவுமில்லை. அங்கே செய்யக்கூடியதெல்லாம் மேலே சொன்ன ஓய்வு ஆண்டுகளை வீணாக்காமல் இருப்பது.

அதில் ஒரு வேலை இப்போதைய போக்கிலேயே தப்பாகப் போகிறதோ என்று ஐயம். மன்னார் வளைகுடாவில் 2002 முதல் பவளத் துண்டுகளைக் கான்கிரீட் சட்டங்களில் கட்டி நட்டுவருகிறார்கள். துண்டு பிழைக்கிறது, வளர்கிறது, மீன் சேர்கிறது, முறை தேறியது. நடுவதற்குப் பெரிதும் தேர்ந்தெடுப்பது வேகமாக வளரும் கிளைப் பவளம். இரண்டு மூன்று ஆண்டுத் திட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரிகிற வளர்ச்சியைக் காட்ட வேண்டுமானால் வேறு வழியில்லை. 2010-லும் 2016-லும் முதலில் செத்த கூட்டமும் அதுதான். போரைட்டிஸை நட்டால் திட்ட முடிவில் மூன்று சென்டிமீட்டரைத்தான் காட்ட முடியும், அதற்கு நிதி தருவோர் குறைவு. இடைவழி ஒன்று உண்டு: இரண்டு கெட்ட கோடைகளையும் தாண்டி எந்தெந்தத் தீவில் எந்தெந்த அக்ரோபோராக் கூட்டம் உயிரோடு நிற்கிறது என்று ஆண்டுக் கணக்கெடுப்பின்போதே குறித்துவைத்து, இனித் துண்டை அவற்றிலிருந்து மட்டும் எடுப்பது. கிளைப் பவளத்தின் வேகமும் கிடைக்கும், சூட்டில் சாகாத வம்சமும் கொஞ்சம் கிடைக்கும். அதற்கு வேண்டிய முக்குளிப்பவர்கள் இருக்கிறார்கள், நாடா இருக்கிறது, இருபது ஆண்டுக் கணக்கு இருக்கிறது. குறிப்பேட்டில் ஒரு பத்தி கூடுதலாக வேண்டும்.